உப்புக்காற்று ஊரில் மெல்லிய லேப்டாப் வாங்குவது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான மண்டபத்தில் என் வீட்டு ஜன்னல் கம்பிக்கு வருஷம் ஒருமுறை பெயின்ட் அடித்தாக வேண்டும். ஒரு வருஷம் விட்டால் கம்பி துருப்பிடித்துப் பொரிப்பொரியாக உதிரும். இது தெரிந்தும் அதே ஜன்னலை ஒட்டி மேசையைப் போட்டு, அதன் மேல் விலை உயர்ந்த மெல்லிய லேப்டாப் ஒன்றை இரண்டரை வருஷம் வைத்திருந்தேன். ஒருநாள் சார்ஜ் ஏறவில்லை. ஏறத்தாழ 150 கிலோமீட்டர் மதுரைக்குக் கொண்டுபோனேன். பிரித்துப் பார்த்தவர், "டைப்-சி போர்ட்டுக்குள்ள பச்சை பூத்திருக்கு சார். போர்ட் மட்டும் தனியா வராது, மதர்போர்டோட மாத்தணும்" என்றார். எல்லாப் பாகங்களையும் இணைக்கும் அந்தத் தாய்ப்பலகைக்குக் கேட்ட தொகை, நான் வாங்கிய விலையில் பாதியைத் தாண்டியது. திரை, கீபோர்டு, பேட்டரி எதற்கும் ஒரு குறையும் இல்லை. சார்ஜர் வயரைச் செருகும், சுண்டுவிரல் நகம் அளவு துளை ஒன்றுதான் போயிருந்தது.

போன மாதம் அக்கா மகள் ஒரு மெல்லிய லேப்டாப்பின் படத்தை அனுப்பி, "மாமா, இதை வாங்கட்டுமா? பேப்பர் மாதிரி இருக்கு!" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். லேப்டாப்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் பின்பற்றலாம்.

படி 1: ஒரு வாரம் எதையெல்லாம் செருகுகிறீர்கள்?

ஒரு தாளில் எழுதுங்கள். ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகும் பென்டிரைவ், பள்ளியிலோ சர்ச்சிலோ புரொஜெக்டரில் மாட்டும் எச்டிஎம்ஐ வயர், கல்யாண போட்டோ எடுப்பவர் என்றால் கேமராவின் எஸ்டி கார்டு, ஆடிட்டர் ஆபீஸில் வேலை என்றால் டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன், வீட்டு ஃபைபர் இணைப்பின் லேன் வயர், ஹெட்போன். எதையும் விடாதீர்கள்.

இப்போது பிடித்த மாடலின் பக்கவாட்டுப் படத்தைப் பாருங்கள். மெல்லியதாக்குவதற்காக முதலில் காவு கொடுப்பது இந்தத் துளைகளைத்தான். டெல் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸ் இரண்டே இரண்டு டைப்-சி துளைகளோடு வந்தது, ஹெட்போன் துளைகூட இல்லை. உங்கள் தாளில் மூன்றுக்கு மேல் இருந்தால் ஒரு ஹப் (ஒரு துளையைப் பல துளையாக்கும் சின்னப் பெட்டி) வாங்க வேண்டியிருக்கும். அதன் விலையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹப்பை மறந்து வீட்டில் வைத்துவிட்டு, கூட்டத்தின் முன் புரொஜெக்டர் வயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் எனக்கு உண்டு.

படி 2: ரேமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்

பழைய லேப்டாப்பில் ரேம் (ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) ஒரு சின்னப் பலகையாக ஸ்லாட்டில் செருகியிருக்கும். 4 ஜிபியைக் கழற்றிவிட்டு 8 போடலாம். மெல்லிய வகைகளில் பெரும்பாலும் ரேம் சிப்புகளை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். கம்பெனிக்காரன் பேராசைதான் காரணம் என்று முழுக்கச் சொல்ல முடியாது. எல்பிடிடிஆர் என்ற வகை ரேம் குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும், ஆனால் அது லேப்டாப்பின் மூளையான பிராசஸருக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்க வேண்டும். 2024ல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸர் பொட்டலத்துக்குள்ளேயே இருக்கிறது. அதில் 16 அல்லது 32 ஜிபி, இரண்டில் ஒன்றுதான். ஆப்பிளின் எம் வரிசை மேக்புக்கிலும் ரேம் இப்படி உள்ளேயேதான் இருக்கிறது.

கடையில் விண்டோஸ் லேப்டாப் டெமோ வைத்திருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ், அப்புறம் மெமரி. அங்கே 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற வரியில் 'எஸ்ஓடிஐஎம்எம்' என்று இருந்தால் கழற்றி மாற்றக்கூடிய ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் பற்றவைத்தது. கடைக்காரர் "பின்னாடி போட்டுக்கலாம் தம்பி" என்று சொல்லும்போது இந்த வரியைக் காட்டுங்கள்.

பற்றவைத்த ரேம் என்றால் 16 ஜிபிக்குக் கீழே தொடாதீர்கள். ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் தொடக்க அளவை 8லிருந்து 16 ஆக்கிவிட்டது. வீடியோ எடிட்டிங், பெரிய சாஃப்ட்வேர் வேலை என்றால் 32. கையில் காசு அளவாக இருந்தால் பிராசஸரில் ஒரு படி இறங்கி ரேமில் ஒரு படி ஏறுங்கள் என்பதே என் கட்சி. பிராசஸர் கொஞ்சம் மெதுவாக இருந்தால் சமாளிக்கலாம், ரேம் போதாவிட்டால் நாள் முழுக்கப் பல்லைக் கடிக்க வேண்டும்.

படி 3: எஸ்எஸ்டி

கோப்புகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியில் கொஞ்சம் நிம்மதி. விண்டோஸ் லேப்டாப் பலவற்றில் எஸ்எஸ்டி எம்.2 என்ற ஸ்லாட்டில் ஒற்றை ஸ்க்ரூவோடு நிற்கும். விவரத்தில் 2280, 2242, 2230 என்று ஓர் எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் அகலம், அடுத்த இரண்டு நீளம், மில்லிமீட்டரில். 2280 கிடைப்பது சுலபம், வகையும் நிறைய. மேக்புக் ஏரில் சேமிப்பகமும் பற்றவைத்ததுதான். போர்டு செத்தால் உள்ளே இருக்கும் கோப்புகளும் அதோடு போகும் என்று வைத்துக்கொண்டு, பேக்கப்புக்கு வெளி டிஸ்க் ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

படி 4: நம் ஊருக்கு முக்கியமானது, துளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

மற்ற ஊர்க்காரர்கள் இந்தப் படியை வேகமாகக் கடக்கலாம். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி ஆட்கள் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள்.

வீட்டில் உப்பு ஜாடிக்குள் நாலு அரிசி போட்டு வைப்போம் அல்லவா? காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் மெக்னீசியமும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே ஈரம் கோக்கும். தென்கடலோ வடகடலோ, காற்றில் வரும் உப்புத்துகள் லேப்டாப் துளைக்குள் படிகிறது. ராத்திரி ஈரத்தில் கசிந்து மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. உப்புநீரில் மின்சாரம் பாயும். மின்சாரம் பாய்ந்தால் உலோகம் அரிக்கும்.

டைப்-சி துளைக்குள் 24 தொடுமுனைகள், அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கின்றன. சார்ஜ் ஏறும்போது 20 வோல்ட் வரை வரும் முனைக்கு அடுத்த முனைதான், சார்ஜரும் லேப்டாப்பும் எத்தனை வோல்ட் என்று பேசிக்கொள்ளும் முனை. அது அரித்துவிட்டால் பேச்சு நின்றுவிடும், சார்ஜும் நின்றுவிடும். என் லேப்டாப்புக்கு நடந்தது இதுதான் என்று பிறகு புரிந்தது. பழைய காலத்து உருண்டை பின் சார்ஜரில் இந்த நெருக்கம் இல்லை.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: டைப்-சி துளை மதர்போர்டிலேயே பற்றவைத்ததா, தனிச் சிறு பலகையில் இருக்கிறதா? தனிப் பலகை என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். மேக்புக் ஏரைப் பழுது பார்ப்பது கடினம் என்று எல்லோரும் திட்டுவோம், நானும் திட்டுவேன். ஆனால் எம்1 ஏரில் டைப்-சி துளைகள் தனிப் பலகையில்தான் இருக்கின்றன. அதில் விசிறியும் கிடையாது. விசிறி உள்ள லேப்டாப் வெளிக்காற்றை, நம் ஊரில் என்றால் உப்புக்காற்றை, உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். ரேமிலும் எஸ்எஸ்டியிலும் பூஜ்யம் வாங்கும் இயந்திரம் கடற்கரைப் பாடத்தில் பாஸ் ஆகிறது. இதனால்தான் ஒரே மார்க்கில் எதையும் தள்ளக் கூடாது.

இன்னொன்று: எத்தனை துளையில் சார்ஜ் ஏறும்? இரண்டு இருந்து, அதுவும் இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று இருந்தால், ஒன்று போனாலும் மற்றதை வைத்து ஓட்டலாம். எல்லா டைப்-சியும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்றில் சார்ஜ் ஏறும், ஒன்றில் டிவி இணையும், ஒன்றில் டேட்டா மட்டும்தான் போகும். பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் தண்டர்போல்ட், எல்லாம் செய்யும். குறியே இல்லை என்றால் விவரப் பட்டியலைப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

படி 5: வாங்கும் முன் பழுதுநீக்கக் கையேட்டைப் புரட்டுங்கள்

லேப்டாப்பை வாங்கிய பிறகுகூட யாரும் கையேடு படிப்பதில்லை, நான் வாங்கும் முன்பே படிக்கச் சொல்கிறேன். டெல், எச்பி, லெனோவா மூன்றும் தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. டெல்லில் 'சர்வீஸ் மேனுவல்', எச்பியில் 'மெயின்டனன்ஸ் அண்ட் சர்வீஸ் கைடு', லெனோவாவில் 'ஹார்ட்வேர் மெயின்டனன்ஸ் மேனுவல்' என்று மாடல் பெயரோடு தேடுங்கள். ஆப்பிளும் புதிய மேக்புக்குகளுக்கு வெளியிடுகிறது.

ஆங்கிலம் முழுக்கப் புரிய வேண்டாம். மூன்று பொருளை மட்டும் தேடுங்கள். பேட்டரியைக் கழற்ற அடி மூடியைத் திறந்து சில ஸ்க்ரூ எடுத்தால் போதும் என்றால் நல்லது. பசை போட்டு ஒட்டியிருந்தால் மார்க் குறையுங்கள். பேட்டரி எப்படியும் தேயும் பொருள், ஆப்பிள் தன்னுடையதற்கு 1,000 சார்ஜ் சுழற்சி என்று கணக்குச் சொல்கிறது. அடுத்து கீபோர்டு. தனியாக வருகிறதா, கை வைக்கும் மேல்பாகத்தோடு சேர்த்து மாற்ற வேண்டுமா? மெல்லிய வகைகளில் இரண்டாவதுதான் அதிகம், அதனால் ஒரு எழுத்து வேலை செய்யாவிட்டாலும் பெரிய பில். மூன்றாவது, மேலே சொன்ன துளைப் பலகை. 'ஐ/ஓ போர்டு', 'யுஎஸ்பி போர்டு' என்று தனி அத்தியாயம் இருக்கிறதா, அதில் டைப்-சி இருக்கிறதா என்று படத்தைப் பார்த்தாலே தெரியும்.

கையேடு படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப்புக்குப் பழுதுநீக்க மதிப்பெண்ணை 10க்கு இவ்வளவு என்று போட்டே விற்க வேண்டும். அதே மாடல் அங்கே விற்பனைக்கு இருந்தால் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். பொருளைப் பிரித்துப் பார்த்து மார்க் போடும் ஐஃபிக்ஸிட் தளமும் உண்டு. 2024ல் வந்த லெனோவா திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறைக்கு அவர்கள் 10க்கு 9 கொடுத்தார்கள். பேப்பர் மாதிரி இருக்காது, ஆனால் ஸ்லாட்டில் செருகும் ரேம்.

படி 6: பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள்

"ஆன்சைட் வாரன்டி இருக்கு" என்பார்கள். சரி, 623ல் தொடங்கும் என் பின்கோடுக்கு ஆள் வருவாரா? இதைக் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வராது என்றால் ஒவ்வொரு பழுதுக்கும் உங்களுக்கு ஒரு பஸ் பயணம், ஒரு நாள் லீவு. பெரும்பாலான வாரன்டி விதிகளில் அரிப்பும் ஈரமும் சேராது. அதையும் சேர்க்கும் விபத்துப் பாதுகாப்பு திட்டம் இருக்கிறதா, வாங்கிய எத்தனை நாளுக்குள் எடுக்க வேண்டும் என்று பாருங்கள்.

கீழக்கரைப் பக்கம் ஒரு தனிக் கேள்வி வரும்: மச்சான் துபாயிலிருந்து கொண்டுவருகிறார், வாங்கலாமா? வாங்கலாம். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். மாற வேண்டியது கனத்த சதுர முனை பிளக் மட்டும். கீபோர்டில் அரபி எழுத்து இருந்தால் பரவாயில்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வாரன்டி இந்தியாவில் செல்லுமா என்பது மாடலுக்கு மாடல் வேறு. கடையில் நிற்கும்போதே மச்சானை சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காசு கொடுப்பதற்கு முன் கம்பெனி தளத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.

தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' தளத்தில் எந்தக் கம்பெனி எங்கே பழுது பார்க்கிறது என்ற விவரங்களையும் தேடலாம்.

படி 7: கடையில் பத்து நிமிடம்

படி 1ல் எழுதிய தாளில் உள்ள பொருள்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பென்டிரைவைச் செருகுங்கள், கடை டிவியில் வயரை மாட்டுங்கள், ஹப் வழியாகச் சார்ஜ் ஏறுகிறதா பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், லட்ச ரூபாய் கொடுக்கிறீர்கள். லேப்டாப்பைத் திருப்பி அடிப்பக்க ஸ்க்ரூவையும் பாருங்கள். சிலவற்றில் ரப்பர் காலுக்கு அடியில் ஒளித்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே, விண்டோஸில் கோப்புகளைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்; போர்டு மாற்றினால் அது இல்லாமல் உங்கள் கோப்புகளை நீங்களே திறக்க முடியாது. வேலை முடிந்ததும் சார்ஜரை லேப்டாப்பிலிருந்து உருவிவிடுங்கள், துளையில் வோல்ட் நிற்க வேண்டாம். ராத்திரி மூடிய பையிலோ அலமாரியிலோ வையுங்கள்.

அக்கா மகள் கடைசியில் அந்தப் பேப்பர் லேப்டாப்பை விட்டுவிட்டு, கொஞ்சம் தடித்த 14 அங்குலம் ஒன்றை வாங்கினாள். டைப்-சி தனிப் பலகையில், பேட்டரி ஸ்க்ரூவில், பற்றவைத்த ரேம் 16 ஜிபி. "கலர்தான் மாமா, இரும்புப் பெட்டி மாதிரி இருக்கு" என்று இன்னும் குறைப்படுகிறாள். போன வாரம் தங்கச்சிமடம் போயிருந்தேன். மேசையைக் கடலைப் பார்த்த ஜன்னலை ஒட்டித்தான் போட்டிருக்கிறாள்.