காட்டுப்பன்றிப் புழு பார்க்கப் போகிறவர்கள் விடும் பிழைகள்

போன கிழமை மட்டக்களப்பு உன்னிச்சைப் பக்கம் ஒரு கச்சான் தோட்டத்தில் இரண்டு தம்பிமார் புழு முட்டை பார்க்கவென்று காட்டுப்பன்றி விட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு என்னுடைய பழைய கூத்தெல்லாம் ஞாபகம் வந்தது. கையுறை போடுங்கள், பையில் திகதி எழுதுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன்.

வெறும் உப்புத் தண்ணீரை நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். கரடியனாற்றுப் பக்கம் ஒரு மாரி முழுக்க விடிய எழும்பிப் போய் விட்டை சேர்த்தேன். எல்லாவற்றையும் நிறைவுற்ற கறியுப்புக் கரைசலில் மிதக்கவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். வட்டப்புழு முட்டை வந்தது, சாட்டைப்புழு முட்டை வந்தது. சுவாசப்பைப் புழுவின் முட்டை ஒன்றுகூட இல்லை. "இல்லை" என்று தாளில் எழுதிவிட்டு, மிச்ச விட்டையையும் குழிக்குள் கொட்டி மூடினேன்.

அந்த மாரி கழிந்த கையோடு அதே இடத்தில் கரண்ட் கம்பியில் பட்டு ஒரு பன்றி செத்தது. வெள்ளாமைக்காரர் கோல் எடுத்துச் சொல்ல, போய் அறுத்தோம். சுவாசப்பையின் பின்மடல் ஓரத்தை வெட்டி அமத்தினால், மூச்சுக்குழாய்க் கிளைகளுக்குள்ளிருந்து வெள்ளை நூல் நூலாகப் புழு வருகிறது, சிலது ஐந்தாறு சென்ரிமீற்றர் நீளம். அதே பன்றியின் மலக்குடலில் இருந்த விட்டையை எடுத்து இரண்டு விதமாகப் பார்த்தேன். கறியுப்பில் ஒன்றுமில்லை, மக்னீசியம் சல்பேற்றில், அதுதான் எப்சம் உப்பில், ஒரே பார்வையில் ஏழெட்டு முட்டை, சுருக்கம் விழுந்த தடித்த கோது, உள்ளே சுருண்டு கிடக்கும் குடம்பி.

காரணம் பாரம்தான். அந்த முட்டை மற்றவற்றைவிடக் கனமானது. கறியுப்புக் கரைசலின் அடர்த்தி 1.2, அதில் அது சரியாக மிதக்காது. 1.28 அளவுக்காவது ஏற்ற வேண்டும், அதையும் கண்மதிப்பில் செய்யாமல் அடர்த்தி அளக்கும் நீரமானி போட்டுப் பாருங்கள். அப்புறம், பன்றி அந்தப் புழுவை வாங்கிக்கொண்ட பிறகு விட்டையில் முட்டை வர மூன்று நாலு கிழமை ஆகும், அதற்கு முதல் எந்தக் கரைசலும் காட்டாது.

கொட்டிய விட்டையைத் திரும்ப எடுக்க முடியுமா? ஒரு மாரி உழைப்பு குழிக்குள் போனது. இதில் வெட்கம் என்னவென்றால், அந்தச் சேனையே உழுததுபோலக் கிளறிக் கிடந்தது, மழைக்கு மேலே வந்த மண்புழுவைத்தான் பன்றி தோண்டித் தின்றிருக்கிறது, இந்தப் புழுவின் குடம்பி மண்புழுவுக்குள்தான் வளர்கிறது. எல்லாவற்றையும் கண்ணால் கண்டுகொண்டேதான் "இல்லை" என்று எழுதினேன்.

சொப்பிங் பேக்கில் கட்டி வெயிலில் கொண்டுவருவது

வாகரையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மத்தியான வெயிலில் தொங்கவிட்டு வந்து மறுநாள் திறந்தால், சில குடற்புழுக்களின் முட்டைகள் பொரித்துக் குடம்பி நெளியும். நிலத்தில் பட்ட பக்கத்தையும் சேர்த்து அள்ளியிருந்தால் மண்ணில் வாழும் புழுவும் கூடவே நெளியும், எது பன்றியுடையது எது மண்ணுடையது என்று பிரிக்க உங்களால் முடியாது. விட்டையின் நடுவை மட்டும் எடுங்கள், ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியில் வையுங்கள்.

சிறுநீரகப் புழுவை விட்டையில் தேடுவது

அதன் முட்டை மூத்திரத்தில்தான் வரும்.

முள்தலைப் புழுவை இழுப்பது

தலை குடற்சுவரில் புதைந்திருக்கும், இழுத்தால் அறும். சுவரோடு வெட்டி எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.

காரணம் தெரியாமல் செத்துக் கிடப்பதை அறுப்பது

வேண்டாம். 2024இல் பன்றிகளைக் கொல்லும் தொற்றுநோயான ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் நாட்டுக்குள் வந்துவிட்டது. முதலில் மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

வாடியில் தரும் இறைச்சி

அடுப்புக்கு மேலே புகையில் தொங்கிய வத்தலை அன்பாகத்தான் நீட்டுவார்கள். சதைக்குள் சுருண்டிருக்கும் புழு புகைக்குச் செத்திருக்கும் என்று நம்ப முடியாது. கறியாக்கி நடுச்சதைவரை வெந்திருந்தால் நானும் ஒரு கோப்பை சோற்றோடு உட்கார்ந்துவிடுவேன்.