வேலையைக் கொடுங்கள், வீட்டு விலாசத்தைக் கொடுக்காதீர்கள்: ஆன்லைனில் வாடிக்கையாளர்களோடு பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைனில் மொழிபெயர்ப்பும் பிழைதிருத்தமும் செய்து கொடுக்க ஆரம்பித்த புதிது. ஒரு நாள் இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி: "உங்கள் மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்." மகளைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார். ஆனால் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் உட்கார்ந்து யோசித்தேன். வேலைக்கென்று கொடுத்தது என் சொந்த நம்பர். அவர் நம்பரை நானும், என் நம்பரை அவரும் போனில் சேமித்திருந்தோம். மகளின் படத்தை அன்று ஸ்டேட்டஸில் போட்டிருந்தேன். உறவினர்களுக்குப் போன அதே படம் அவருக்கும் போயிருக்கிறது. யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. நானே அனுப்பி வைத்திருக்கிறேன்.

வாடிக்கையாளர்களிடம் நம் சொந்த விவரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் போய்ச் சேர்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். சேர்த்துப் பார்க்கும்போதுதான் ஆபத்து. லதான்யா ஸ்வீனி என்ற கணினி அறிவியல் ஆய்வாளர் 2000-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து ஒன்றைக் காட்டினார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்று மட்டும் தெரிந்தால், அந்நாட்டு மக்களில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காண வாய்ப்பு உண்டு என்றார். பின்னால் வந்த இன்னொரு கணக்கு அதை 63 சதவீதம் என்று குறைத்தது. குறைத்தாலும் பாதிக்கு மேல்தான். இந்தக் கணக்கில் பெயரே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

சொந்த போன் நம்பரைக் கொடுப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்பேன். பெயரைக்கூட மாற்றி வைத்துக்கொள்ளலாம். நம்பரை நாம் வருடக்கணக்கில் மாற்றுவதில்லை. வங்கி, சமூக வலைத்தளங்கள், மின்னஞ்சல் மீட்பு என்று எல்லாமே அந்த ஒரு நம்பரில் கட்டப்பட்டிருக்கின்றன. அதனால் நம்பர் தெரிந்தவருக்கு மற்றதைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம்.

2021 ஏப்ரலில் 53 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் இணையத்தில் இலவசமாகவே கொட்டப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள். அதில் போன் நம்பரும் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அடுத்த வருடம் ட்விட்டர் ஒரு குறையை ஒப்புக்கொண்டது. ஒரு நம்பரையோ மின்னஞ்சலையோ உள்ளிட்டால், அது எந்தக் கணக்கோடு இணைந்தது என்று அந்தத் தளமே காட்டிக் கொடுத்திருக்கிறது. புனைபெயரில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வழி எளிதுதான், கொஞ்சம் செலவு உண்டு. வேலைக்கென்று தனி நம்பர் வாங்குங்கள். அதை வங்கியிலும் சொந்தக் கணக்குகளிலும் கொடுக்காதீர்கள். உங்கள் சொந்த கான்டாக்ட்களை அதில் ஏற்றாதீர்கள், ஏற்றினால், பல செயலிகள் இரண்டு பக்கத்தையும் இணைத்து "இவரைத் தெரியுமா?" என்று காட்ட ஆரம்பித்துவிடும். டெலிகிராமில் நம்பரை யார் பார்க்கலாம் என்பதை 'யாரும் வேண்டாம்' என்று மாற்றுங்கள். நம்பரை வைத்து உங்களைத் தேடுவதற்கும் அங்கே தனி அமைப்பு இருக்கிறது, அதையும் பாருங்கள். சிக்னலில் 2024 முதல் நம்பரைக் காட்டாமல் பயனர்பெயர் மட்டும் கொடுத்துப் பேச முடியும்.

மின்னஞ்சல்

பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்த பழைய முகவரியிலிருந்தே விலைப்பட்டியல் அனுப்புபவர்கள் நிறையப் பேர். தனி முகவரி தொடங்குங்கள் என்பது எல்லோரும் சொல்வதுதான். பலர் விட்டுவிடுவது வேறொன்று. கூகுள் டிரைவில் ஒரு ஃபைலைப் பகிரும்போது, எந்தக் கணக்கில் உள்ளே இருக்கிறீர்களோ அந்தக் கணக்கின் பெயரும் படமும் எதிரில் இருப்பவருக்குத் தெரியும். வீடியோ அழைப்பிலும் அப்படித்தான். வேலைக்கு பிரவுசரில் தனி புரொஃபைல் வைத்துக்கொண்டால் அவசரத்தில் தவறான கணக்கிலிருந்து அனுப்புவது வெகுவாகக் குறையும்.

பணம் வாங்கும் இடத்தைக் கவனிக்காமல் விடுவது

பெயர், நம்பர், மின்னஞ்சல் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்தவர்கள்கூட இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பேபாலில் தனிநபர் கணக்கு வைத்திருந்தால் பணம் அனுப்புபவருக்கு உங்கள் சொந்தப் பெயர் தெரியும். வணிகக் கணக்கு என்றால் நீங்கள் கொடுத்த வணிகப் பெயர் தெரியும். வங்கிப் பரிமாற்றத்தில் கணக்கு வைத்திருப்பவரின் பெயரைக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கும். அது வேண்டாம் என்றால், நீங்கள் வேலை எடுக்கும் இணையதளத்தின் (வேலைத் தளத்தின்) வழியாகவே பணம் வரட்டும்; அல்லது முறையாகப் பதிவு செய்த வணிகப் பெயரில் கணக்குத் தொடங்குங்கள்.

நான் செய்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன். நம்பிக்கையான தோழியிடம் சொல்லி, மிகச் சிறிய தொகை ஒன்றை என் கணக்குக்கு அனுப்பச் சொன்னேன். அவளுக்கு வந்த ரசீதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாள். வேலைக்கென்று நான் வைத்திருக்கும் பெயர் மேலே அழகாக இருந்தது. கீழே, பொடி எழுத்தில், என் பழைய வீட்டு முகவரி முழுவதும் இருந்தது. கணக்குத் தொடங்கியபோது எப்போதோ நிரப்பியது. இந்தச் சோதனையை நீங்களும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

ஒரு விஷயத்தை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். வேலைப் பெயர் வைத்துக்கொள்வது ஏமாற்று வேலை இல்லை. வரித்துறைக்கும் வங்கிக்கும் வேலைத் தளத்துக்கும் உங்கள் உண்மைப் பெயர் தெரிந்தே இருக்க வேண்டும். பெரிய ஒப்பந்தத்தில் உண்மைப் பெயரில்தான் கையெழுத்துப் போட வேண்டும். மறைப்பது வாடிக்கையாளருக்குத் தேவையில்லாததை மட்டும். அப்புறம், "நீங்கள் நிஜமான ஆளா என்று பார்க்க அடையாள அட்டையின் நகலை அனுப்புங்கள்" என்று வாடிக்கையாளர் கேட்டால் அனுப்பாதீர்கள். அந்தச் சரிபார்ப்பு வேலைத் தளத்தின் பொறுப்பு.

ஃபைலுக்குள் ஒளிந்திருப்பதை மறப்பது

உங்கள் போனில் கேமராவால் எடுத்த ஏதாவது ஒரு படத்தைத் திறந்து, மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். பல போன்களில் தேதி, நேரம், கேமராவின் பெயர் எல்லாம் வரும். கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், அடியில் ஒரு வரைபடமும் அதில் ஒரு புள்ளியும் இருக்கும். வீட்டில் எடுத்த படம் என்றால், அந்தப் புள்ளி உங்கள் வீடு. 2012 டிசம்பரில், காவல்துறை தேடிக்கொண்டிருந்த, மெக்காஃபி வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபியின் படம் ஒன்றை ஒரு பத்திரிகை அப்படியே வெளியிட்டது. படத்துக்குள் இருந்த இருப்பிடக் குறிப்பு, அவர் குவாத்தமாலாவில் இருப்பதைக் காட்டிவிட்டது.

வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்புகள் நீங்கிவிடும். ஆனால் தரம் குறையக்கூடாது என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பும்போதும், மின்னஞ்சலில் இணைக்கும்போதும், டிரைவில் ஏற்றும்போதும் அப்படியே போகும். வேலைக்காக அனுப்புவது பெரும்பாலும் அப்படித்தானே. கேமராவின் இருப்பிட அனுமதியை நிறுத்திவிடுவதுதான் நிம்மதி.

வேர்டு ஃபைலில் 'ஆசிரியர்' என்று ஒரு இடம் இருக்கிறது. என் மடிக்கணினியை முதலில் அமைத்தது என் கணவர். அதனால் நான் பல மாதங்கள் அனுப்பிய ஒவ்வொரு ஃபைலிலும் அவர் பெயர் முழுதாக இருந்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளர், "இதை வேறு யாரிடமாவது கொடுத்துச் செய்தீர்களா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. ஃபைல் மெனுவின் தகவல் பகுதியில், ஆவணத்தை ஆய்வு செய்து சொந்த விவரங்களை நீக்கும் வசதி இருக்கிறது. அனுப்புவதற்கு முன் அதை ஓட்டுங்கள். நிரல் எழுதுபவர்கள் கிட் பதிவுகளில் தங்கள் பெயரும் மின்னஞ்சலும் சேர்வதைப் பார்க்க வேண்டும். கிட்ஹப்பில் மின்னஞ்சலை மறைக்கும் அமைப்பு உண்டு.

கறுப்புப் பட்டை போட்டு மறைப்பதையும் நம்பாதீர்கள். 2019 ஜனவரியில், டிரம்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மனஃபோர்ட்டின் வழக்கில் அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தில் பட்டைக்கு அடியில் எழுத்து அப்படியே இருந்தது. நகலெடுத்து ஒட்டிய எல்லோரும் படித்தார்கள். வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டிலும் இதே சிக்கல் வந்திருக்கிறது. கூகுள் பிக்சல் போன்களில் வெட்டி எறிந்த பகுதியின் மிச்சம் ஃபைலுக்குள்ளேயே தங்கியதும், அதை மீட்க முடிந்ததும் 2023-ல் வெளியே வந்தது. பிறகு சரிசெய்தார்கள். மறைக்க வேண்டியது இருந்தால், அது இல்லாத புதுப் பிரதியையே தயாரித்து அனுப்புங்கள்.

ஒரே படம், ஒரே பட்டப்பெயர்

சொந்தக் கணக்கில் இருக்கும் படத்தையே வேலைக் கணக்கிலும் வைத்தால், படத்தை வைத்துத் தேடுபவருக்கு இரண்டும் ஒரே நிமிடத்தில் கிடைத்துவிடும். பட்டப்பெயரும் அப்படியே. வேலைக்கு வைக்கும் படம் வேறெங்கும் போடாததாக இருக்கட்டும்.

சொந்தமாக இணையதளம் வைத்திருந்தால் டொமைன் (தள முகவரி) பதிவைப் பாருங்கள். 2018 மே வரை, மறைக்கும் சேவை எடுக்காவிட்டால், பொதுவாகப் பதிவு செய்தவரின் பெயர், முகவரி, நம்பர் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது. ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு பெரும்பாலான பதிவாளர்கள் மறைக்கிறார்கள். ஆனால் அதற்கு முன் பதிவு செய்திருந்தால் பழைய நகல்கள் எங்காவது கிடைக்கலாம்.

விபிஎன் போட்டால் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். அது உங்கள் ஐபி முகவரியை, அதாவது உங்கள் இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணை, நீங்கள் பார்க்கும் தளங்களிடமிருந்து மறைக்கும். நீங்களே சொல்லிவிட்டதை மறைக்காது.

பேச்சு வாக்கில் சொல்லிவிடுவது

நல்ல வாடிக்கையாளரோடு பழகப் பழக பேச்சு நீளும். "இங்கே நேற்றிலிருந்து மழை, கரண்ட் இல்லை", "பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து பார்க்கிறேன்" என்று இயல்பாக வந்துவிடும். ஊர், நேரம், குடும்பம் மூன்றும் போய்விட்டன. தனியாக வேலை பார்க்கும் பெண்களிடம் இதை நான் கெஞ்சியே சொல்வேன்: வீட்டில் எப்போது தனியாக இருப்பீர்கள் என்பது தெரியும்படி எதையும் எழுதாதீர்கள். தாமதமானால், "இன்று மாலைக்குள் முடியாது, நாளை காலை பத்து மணிக்கு அனுப்புகிறேன்" என்றால் போதும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது.

ஒருவர் ஏற்கெனவே உங்கள் வீடு வரை கண்டுபிடித்துத் தொந்தரவு செய்கிறார் என்றால், பிளாக் செய்வதற்கு முன் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பல செயலிகளில் அனுப்பியவரே செய்தியை அழித்துவிட முடியும். பிறகு வேலைத் தளத்தில் புகார் கொடுங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லுங்கள், மிரட்டல் இருந்தால் காவல்துறைக்குப் போங்கள்.

அந்தப் பிறந்தநாள் செய்திக்கு நான் "நன்றி" என்று மட்டும் பதில் போட்டேன். அந்த வாரமே புது நம்பர் வாங்கி, இருந்த பதினேழு வாடிக்கையாளர்களுக்கும் "இனி வேலை விஷயங்களுக்கு இந்த நம்பர்" என்று ஒரு வரி அனுப்பி, பழைய போனிலிருந்து அவர்கள் பெயர்களை நீக்கினேன். பெரும்பாலானோர் மாறுவதற்கு ஒன்றரை மாதம் ஆனது. இருவர் மட்டும் இன்னும் பழைய நம்பருக்குத்தான் அழைக்கிறார்கள். நான் எடுப்பதில்லை, புது நம்பரிலிருந்து திருப்பி அழைக்கிறேன்.