கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போய் ராம் வாங்கி வந்தேன்

என் கணினியில் ரைசன் 5 5600ஜி பிராசசர் (கிராபிக்ஸும் அதே சிப்பில்), ஒரே 8 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கையிலிருந்த காசுக்கு அவ்வளவுதான். கேமில் சும்மா நடந்தால் 45 எஃப்பிஎஸ் (நொடிக்கு இத்தனை படங்கள் என்ற கணக்கு). சண்டை தொடங்கினால் 25. பழைய கார்டு ஒன்று தேட ஆரம்பித்தேன்.

அதற்கு முன் ஒரு சோதனை. ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கினேன். எஃப்பிஎஸ் சட்டென்று ஏறியது. ரெசல்யூஷனை இறக்கினால் குறைவது முக்கியமாக கிராபிக்ஸ் வேலைதான்; பிராசசர் திணறியிருந்தால் பெரிதாக ஏறியிருக்காது. சரி, சிக்கல் கிராபிக்ஸ் பக்கம்.

ஆனால் இந்தச் சிப்பின் கிராபிக்ஸுக்குச் சொந்த மெமரி இல்லை, ராமில்தான் பங்கு கேட்கும். கணினி பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைத் திறந்தால், ராம் ஓடுவது சிங்கிள் சேனலில் (ஒரே பாதையில்), அதிர்வெண் 1200 மெகாஹெர்ட்ஸ். டிடிஆர் வகை ராம் ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு அனுப்பும் என்பதால் இரட்டிப்பாக்கி 2400 என்று படிக்க வேண்டும். நான் காசு கொடுத்ததோ 3200-க்கு! ராமை அதற்குரிய வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை, அசெம்பிள் செய்தவர் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) ஆன் செய்யவில்லை, நானும் பார்க்கவில்லை.

அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி ராம் வாங்கி, இரண்டு பாதைகளும் (டூயல் சேனல்) வேலை செய்யும்படி நான்கு ஸ்லாட்டில் 2, 4-இல் செருகினேன். (முதலில் 1, 2-இல் மாட்டிவிட்டு, இன்னும் சிங்கிள் சேனல்தானா என்று விழித்தது தனிக் கதை.) அப்புறம் எக்ஸ்எம்பி ஆன். நொடிக்கு 19.2 ஜிபியாக இருந்த மெமரி வேகம் கணக்குப்படி 51.2 ஆனது. அதே சண்டையில் இப்போது 42-க்குக் கீழே இறங்குவதில்லை.