எல்எம்2596 மாட்யூல்: முதலில் வோல்ட்டேஜ், பிறகுதான் லோடு

12 வோல்ட் அடாப்டரில் ஓடும் ஒரு ரிலே போர்டு, பக்கத்திலேயே 5 வோல்ட் கேட்கும் இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. இந்த இடத்தில் 7805 என்ற 5 வோல்ட் லீனியர் ரெகுலேட்டர் ஐசியைப் போட்டால், அரை ஆம்பியர் இழுக்கும்போதே 3.5 வாட் வெறும் சூடாகப் போகும்; ஹீட்சிங்க் இல்லாமல் தாங்காது. அதே வேலையை, வோல்ட்டேஜை இறக்கித் தரும் எல்எம்2596 பக் மாட்யூல் 0.6 வாட் அளவு இழப்போடு முடித்துவிடும். நீல நிற ட்ரிம்பாட் (திருகைத் திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்த அந்தச் சின்ன போர்டு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரணமாகக் கிடைக்கும். ஆனால் வாங்கிவந்த கையோடு அதை இஎஸ்பி32-இல் இணைத்துவிடக் கூடாது. புதிய மாட்யூலின் ட்ரிம்பாட் எங்கே திருப்பி வைக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. 11 வோல்ட் அப்படியே வெளியே வந்தால் போர்டு அந்த நொடியே போய்விடும்.

அளவு வைக்கும் முறை

இன்புட் பக்கத்தில் மட்டும் ஒயரைச் சால்டர் செய்யுங்கள். IN+, IN− என்ற எழுத்துகளை இரண்டு முறை பாருங்கள். இந்த மாட்யூலில் தலைகீழ் இணைப்புக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பிளஸ், மைனஸ் மாறினால் ஐசி எரியும். பேட்டரியை அடிக்கடி கழற்றி மாட்டும் புராஜெக்ட் என்றால், இன்புட்டில் ஒரு 1என்5822 ஷாட்கி டையோடைத் தொடராகப் போட்டுவிடுங்கள். அரை வோல்ட் போகும், மாட்யூல் பிழைக்கும்.

அவுட்புட்டில் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட் ரேஞ்சில் வையுங்கள். 24 வோல்ட் சப்ளை என்றால் அடுத்த பெரிய ரேஞ்ச். பவர் கொடுத்து, ட்ரிம்பாட்டின் பித்தளைத் திருகை மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் திருப்புங்கள். பெரும்பாலான எல்எம்2596 மாட்யூல்களில் இடப்புறம் திருப்பினால் வோல்ட்டேஜ் குறையும். என்றாலும் மீட்டர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

இங்கேதான் பலரும் மாட்யூல் கெட்டுப்போனது என்று முடிவு கட்டுகிறார்கள். பத்து சுற்று திருப்பியும் மீட்டரில் ஒன்றும் அசையாது. கெட்டுப்போகவில்லை, கணக்கு அப்படி. அவுட்புட்டைக் கவனிக்கும் ஐசியின் ஃபீட்பேக் பின் 1.23 வோல்ட்டில் நிற்கும். வழக்கமான மாட்யூலில் அந்தப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 330 ஓம் ரெசிஸ்டர், அவுட்புட்டுக்கு 10 கிலோஓம் ட்ரிம்பாட். அவுட்புட் = 1.23 × (1 + ட்ரிம்பாட் ÷ 330). ட்ரிம்பாட் முழுதாக 10 கிலோஓமில் இருந்தால் மாட்யூல் எட்ட முயல்வது 38 வோல்ட். கையில் இருப்பதோ 12 வோல்ட் இன்புட். அதனால் முடிந்தவரை, அதாவது 11 வோல்ட் அளவுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும். ட்ரிம்பாட் 2.6 கிலோஓமுக்கு இறங்கிய பிறகுதான் அவுட்புட் குறையத் தொடங்கும். 25 சுற்று ட்ரிம்பாட்டில் அது ஏறக்குறைய 18 சுற்றுகள்.

அதன் பிறகு நிலைமை நேர் எதிர். ஒரு சுற்றுக்கு 400 ஓம் மாறுகிறது, அதாவது 1.5 வோல்ட். 5 வோல்ட்டுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே ஒரு சுற்றும் கொஞ்சமும்தான். அங்கே போனதும் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக, நிறுத்தி நிறுத்தித் திருப்புங்கள். அளவு வைத்தபின் பவரை ஒருமுறை நிறுத்தி மறுபடி கொடுத்து, அதே எண் வருகிறதா என்று பாருங்கள். இதெல்லாம் முடிந்தபின் பவரை நிறுத்திவிட்டு லோடை இணையுங்கள். பவர் வந்ததும், லோடு ஓடும்போதே இன்னொருமுறை அளக்க வேண்டும். ஒயர் மெலிதாக இருந்தால் மாட்யூலில் 5.0 வோல்ட் இருக்கும், போர்டின் முனையில் 4.6 வோல்ட் இருக்கும்.

ட்ரிம்பாட்டை எடுத்துவிடுங்கள்

ஒரே வோல்ட்டேஜில் வருடக்கணக்கில் ஓட வேண்டிய புராஜெக்ட் என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். இந்த மாட்யூலின் பலவீனமான பாகம் ட்ரிம்பாட்தான். உள்ளே நகரும் தொடுமுனை தூசியாலோ அதிர்வாலோ தொடர்பு விட்டுப்போனால், ஃபீட்பேக் பின்னுக்கு வோல்ட்டேஜ் போதாது. ஐசியோ அவுட்புட் குறைந்துவிட்டதாக எண்ணி முழு இன்புட்டையும் வெளியே தள்ளும். 5 வோல்ட் லைனில் திடீரென்று 11 வோல்ட்.

ட்ரிம்பாட்டைச் சால்டர் உருக்கிக் கழற்றுங்கள். மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில் வைத்து, மூன்று துளைகளில் எது OUT+ உடன், எது ஐசியின் 4-ஆம் பின்னுடன் சேர்கிறது என்று பாருங்கள். 4-ஆம் பின்தான் ஃபீட்பேக், 3-ஆம் பின் கிரவுண்ட். அந்த இரண்டு பின்களுக்கு நடுவே அளந்தால் 330 ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். வேறு மதிப்பு வந்தால் அதைப் போட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு OUT+ துளைக்கும் 4-ஆம் பின்னின் துளைக்கும் நடுவே 1 சதவீத மெட்டல் ஃபிலிம் கால் வாட் ரெசிஸ்டர். 560 ஓம் போட்டால் 3.3 வோல்ட், 1 கிலோஓம் போட்டால் 4.96 வோல்ட். 12 வோல்ட்டுக்கு 2.7 கிலோஓமும் 180 ஓமும் தொடராக. கடையில் எப்போதும் கிடைக்கிற மதிப்புகள்தான் இவை.

3 ஆம்பியர் என்று எழுதியிருப்பது

ஹீட்சிங்க் இல்லாமல் தொடர்ந்து ஓடுவதற்கு 1.5 ஆம்பியரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2 ஆம்பியர் போனால் ஐசிக்குப் பின்பக்கம் போர்டில் கை வைக்க முடியாது. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும்போது திறன் சுமார் 80 சதவீதம். 2 ஆம்பியரில் வெளியே போவது 10 வாட், உள்ளே சூடாவது 2.5 வாட். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அது அதிகம். ராஸ்பெரி பை 4 போல 3 ஆம்பியர் சப்ளை கேட்கும் போர்டுக்கு இந்த மாட்யூல் வேண்டாம்.

இன்புட் உச்சவரம்பு 40 வோல்ட். இன்புட் கெப்பாசிட்டர் மேல் 35 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் வரம்பு அதற்கும் கீழே. "24 வோல்ட்" சோலார் பேனல் லோடு இல்லாதபோது 40 வோல்ட்டைத் தாண்டும், அதை நேராக இணைத்தால் மாட்யூல் எரியும். "12 வோல்ட்" பேனல் 22 வோல்ட் வாக்கில் நிற்பதால் பிரச்சினை இல்லை. இன்புட் குறைந்தபட்சம் அவுட்புட்டைவிட 1.5 முதல் 2 வோல்ட் வரை கூடுதலாக இருக்க வேண்டும். 5 வோல்ட் யுஎஸ்பியிலிருந்து 5 வோல்ட் எடுக்க முடியாது.

பேட்டரியில் ஓடும் சென்சாருக்கும் இது தோதுப்படாது. லோடே இல்லாவிட்டாலும் ஐசி மட்டும் 5 மில்லியாம்ப் குடிக்கும். 2000 மில்லியாம்ப்-அவர் பேட்டரி பதினாறே நாளில் காலி. போர்டில் எல்இடி இருந்தால் இன்னும் சீக்கிரம்.

ரிப்பிள்

ஐசி 150 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் செய்கிறது. அதன் சிற்றலை, அதாவது ரிப்பிள், அவுட்புட்டில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். மலிவான மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்ச் இந்த வேகத்தைப் பார்க்காது, ஆசிலோஸ்கோப்பில்தான் தெரியும். மோட்டார், எல்இடி பட்டை எல்லாம் கவலைப்படாது. ஏடிசி (வோல்ட்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) அளவுகள் குதிப்பதும் ஆம்ப்ளிஃபயரில் இரைச்சல் வருவதும் இதனால் இருக்கலாம். 10 மைக்ரோஹென்றி காயிலைத் தொடராகவும், அதன் பின் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கிரவுண்டுக்கும் போட்டால் பெருமளவு அடங்கும். காயில் உங்கள் கரண்டைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இதே பெயரை அச்சிட்டு, 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஓடும் வேறு ஐசி வைத்த மாட்யூல்களும் சந்தையில் உண்டு. அவற்றில் ரிப்பிளும் சூடும் கூடுதலாக இருக்கும்.

சிம்800எல் ஜிஎஸ்எம் மாட்யூலுக்கு 3.4 முதல் 4.4 வோல்ட் வேண்டும். நெட்வொர்க்கோடு பேசும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். 4.0 வோல்ட் வைத்து, சிம்800எல்-இன் கால்களுக்கு அருகிலேயே 1000 மைக்ரோஃபாரட் போடுங்கள். கெப்பாசிட்டரை எல்எம்2596 பக்கத்தில் வைத்துவிட்டு நீள ஒயர் இழுத்தால் ரீசெட் ஆகிக்கொண்டேதான் இருக்கும்.

வோல்ட்டேஜை ஏற்ற வேண்டுமானால்

எம்டி3608 பூஸ்ட் மாட்யூல். இன்புட் 2 முதல் 24 வோல்ட், அவுட்புட் 28 வோல்ட் வரை. இன்புட்டைவிடக் குறைவாக இறக்க இதால் முடியாது. இங்கும் ட்ரிம்பாட்டைப் பல சுற்று இடப்புறம் திருப்பிய பிறகே எண் ஏறும் மாட்யூல்கள் அதிகம். அவுட்புட் ஷார்ட் ஆனால் காயிலும் டையோடும் வழியாக பேட்டரி நேராக ஷார்ட் ஆகும், ஐசியால் தடுக்க முடியாது, ஃபியூஸ் போடுங்கள். 3.7 வோல்ட் செல்லிலிருந்து 12 வோல்ட் அரை ஆம்பியர் எடுத்தால், செல் பக்கம் ஏறக்குறைய 1.9 ஆம்பியர் ஓடும். செல் இறங்க இறங்க அது இன்னும் கூடும்.

பேட்டரி சார்ஜ் செய்ய கரண்டையும் கட்டுப்படுத்தும் மாட்யூல் தேவை. இரண்டு ட்ரிம்பாட் வைத்த எக்ஸ்எல்4015 போர்டு அதற்கு உதவும். முதலில் லோடு இல்லாமல் வோல்ட்டேஜை வையுங்கள், ஒற்றை லித்தியம் அயான் செல்லுக்கு 4.2 வோல்ட். கரண்ட் ட்ரிம்பாட்டை நன்றாகக் குறைத்துவிட்டு, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் அவுட்புட்டின் குறுக்கே வைத்து, வேண்டிய கரண்ட் வரும்வரை கூட்டுங்கள். எல்எம்2596-இல் IN−, OUT− இரண்டும் ஒன்றேதான். ஆனால் இந்த வகை போர்டுகளில் பொதுவாக கரண்டை அளக்கும் ரெசிஸ்டர் மைனஸ் லைனில் இருக்கும். அந்த இரண்டையும் வெளியே எங்காவது பொதுக் கிரவுண்டாகச் சேர்த்துவிட்டால் கரண்ட் கட்டுப்பாடு வேலை செய்யாது, செல் கேட்கிற அளவெல்லாம் உள்ளே பாயும்.