செண்டுமல்லிப் பூவில் கம்பளி நூலுக்குச் சாயம்: பூவுக்கு முந்தைய வேலைதான் முக்கியம்

தக்ளியில் (கையால் சுழற்றி நூற்கும் சிறு கதிரில்) நானே நூற்ற முதல் கம்பளி நூல், மூன்று சிட்டம் (வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல்). தோட்டத்தில் செண்டுமல்லி பூத்துக் குலுங்கிய நேரம் அது. பூவைக் கொதிக்க வைத்தேன், நூலைப் போட்டேன், எடுத்தேன். ஈரமாக இருந்தவரை பொன் மாதிரி மின்னியது. காய்ந்ததும் பார்த்தால் ஓரிடத்தில் அடர்மஞ்சள், அடுத்த விரற்கடையில் வெளிறிப் போன மஞ்சள், நடுநடுவே பட்டை பட்டையாக வெள்ளை. அதில் பின்னிய தொப்பி முழுக்கத் திட்டுத்திட்டாக வந்தது.

பூ நல்ல பூதான். பிசகு அதற்கு முந்தைய இரண்டு வேலைகளில் இருந்தது: சிட்டம் கட்டியதும், நூலைக் கழுவியதும். இது பிடிபடுவதற்குள் இன்னும் நான்கு முறை சாயம் போட்டுவிட்டேன். அதனால் அந்த இரண்டையும் நீட்டி எழுதுகிறேன், மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன். நூற்பதும் பின்னுவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எடுத்து வைக்க வேண்டியவை

கம்பளி நூல் 100 கிராம், படிகாரம் 12 கிராம், அன்று பறித்த பூ 200 கிராம். காய்ந்த பூ என்றால் 50 கிராம் போதும். ஆறு முதல் எட்டு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வேண்டும். இரும்புப் பாத்திரமும் செம்புப் பாத்திரமும் நிறத்தையே மாற்றிவிடும், அலுமினியத்தையும் தவிர்த்துவிடுங்கள். சாயத்துக்கு எடுத்த பாத்திரமும் கரண்டியும் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது. நான் கைப்பிடியில் நூலைக் கட்டி அடையாளம் வைத்திருக்கிறேன்.

காசு போட்டு வாங்க வேண்டியவை என்று நான் சொல்வது இரண்டே இரண்டு: கிராம் காட்டும் சின்னத் தராசு, நீளக் கம்பி வைத்த தெர்மாமீட்டர். 'ஒரு கைப்பிடி, இரண்டு ஸ்பூன்' என்று போட்டால் இந்த வாரம் வந்த நிறம் அடுத்த வாரம் வராது. ஒரு ஸ்வெட்டருக்கு ஐந்தாறு சிட்டம் ஒரே நிறத்தில் தேவைப்படும்போது அதன் அருமை தெரியும்.

பூ

செண்டுமல்லியைப் போல் புதியவர்களுக்கு ஒத்துழைக்கும் செடி வேறு இல்லை. விதை ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். செடி ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக்கிளை விட்டு அடர்ந்து வரும். பூவைப் பறிக்கப் பறிக்கத்தான் புது மொட்டு வைக்கும், செடியிலேயே விட்டால் விதை கட்டுவதில் இறங்கிவிடும். வாடத் தொடங்கிய பூவும் சாயத்துக்கு ஆகும். ஒரே நாளில் 200 கிராம் சேராவிட்டால் பறித்ததை நிழலில் உலர்த்திக் காகிதப் பையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கையில் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும்.

சிட்டம் கட்டுவது

நூலைப் பெரிய வளையமாகச் சுற்றி நான்கு இடத்தில் கட்ட வேண்டும். சுற்றிலும் ஒரே வளைவாகக் கட்டாமல், இழைகளை இரண்டு பங்காகப் பிரித்து, கட்டும் நூலை நடுவே விட்டு எட்டு வடிவத்தில் மாற்றிக் கட்டுங்கள். அப்போதுதான் தண்ணீரில் இழைகள் ஒன்றோடொன்று சிக்காது. நுனி இரண்டையும் கட்டில் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால் பிறகு தேட வேண்டாம்.

சிக்கிவிடுமோ என்ற பயத்தில் முதல் தடவை நான் இறுக்கிக் கட்டியிருந்தேன். இறுக்கிய இடத்துக்குள் சாயம் நுழையவே இல்லை, அந்த வெள்ளைப் பட்டைகள் அப்படி வந்தவைதான். இழைக்கும் கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். கட்டுவதற்கு வெள்ளைப் பருத்தி நூல் நல்லது. வண்ண நூலால் கட்டினால் அதன் சாயம் இதில் இறங்கக்கூடும்.

கழுவுவது: இதில்தான் நான் சறுக்கினேன்

ஆட்டு ரோமத்தில் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கும். லேனோலின் என்பார்கள். நூற்கும்போது கை வழுவழுப்பாவது அதனால்தான். பார்வைக்கு நூல் வெள்ளை வெளேரென்று சுத்தமாகத் தெரியும், ஆனால் மெழுகு ஒட்டிய இடத்தில் தண்ணீர் போகாது. தண்ணீர் போகாத இடத்தில் சாயமும் போகாது. என் தொப்பியின் திட்டுகளுக்கு இதுதான் காரணம். நான் நூலைக் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டு 'கழுவியாயிற்று' என்று இருந்துவிட்டேன்.

இந்த மெழுகு ஏறத்தாழ 40 டிகிரிக்குத்தான் உருகும். அதனால் தண்ணீர் 60 டிகிரியாவது இருக்கட்டும். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு ஸ்பூன் விட்டுக் கலக்கி, சிட்டத்தை மேலே வைத்து மெல்ல அமுக்கி மூழ்கவிடுங்கள். 20 நிமிடம் அப்படியே இருக்கட்டும். கசக்கக் கூடாது, பிழியக் கூடாது, கிண்டக் கூடாது. கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல அடுக்கடுக்காகச் செதில்கள் இருக்கின்றன. சூடும் ஈரமும் சேர்ந்திருக்கும்போது உரசல் பட்டால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அப்புறம் அது நூலாக இருக்காது, கெட்டிக் கயிறாகத் திரண்டுவிடும். மறுபடி பிரிக்க வழியே இல்லை.

இன்னொரு விஷயம். தண்ணீர் ஆறும்வரை நூலை அதிலேயே விட்டுவிடாதீர்கள். உருகிய மெழுகு, சூடு குறைந்ததும் திரும்ப நூலிலேயே படியும். தண்ணீர் நன்றாகச் சூடாக இருக்கும்போதே எடுத்து, ஏறக்குறைய அதே சூடுள்ள வேறு தண்ணீருக்கு மாற்றுங்கள். சூட்டிலிருந்து நேராகக் குழாய்த் தண்ணீருக்குக் கொண்டுபோனால் அந்த அதிர்ச்சியிலும் திரளும். அலசிய தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை இப்படிச் செய்யுங்கள்.

மெழுகு போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நூல் காய்ந்த பிறகு ஒரு முழ நீளம் வெட்டி, ஒரு கிண்ணம் தண்ணீரின் மேல் சும்மா போடுங்கள். தொடாதீர்கள். ஓரிரு நிமிடத்தில் தானாக ஈரம் உறிஞ்சி மூழ்கினால் சரி. இலை மாதிரி மிதந்துகொண்டே இருந்தால் மறுபடியும் சூட்டுக் குளியல்தான். இன்றும் ஒவ்வொரு சிட்டத்துக்கும் இதைப் பார்க்காமல் நான் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை.

படிகாரம்

செண்டுமல்லியின் மஞ்சள் தானாகக் கம்பளியில் நிலைத்து நிற்காது. படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு பக்கம் இழையையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பிடிப்பு இல்லாத நூல், சாயம் போட்ட அன்று அழகாக இருக்கும், துவைக்கத் துவைக்க வெளிறும்.

காய்ந்த நூலின் எடையில் 12 சதவீதம் படிகாரம். 'காய்ந்த' என்பதை மறந்துவிடாதீர்கள், ஈர நூலை நிறுத்தால் கணக்கு எங்கோ போய்விடும். அதிகம் போட்டால் நிறம் கூடாது, நூல்தான் பிசுபிசுவென்று ஆகும்.

படிகாரத்தைத் தனியே வெந்நீரில் கரைத்து, பாத்திரத்தில் இருக்கும் நாலு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற்றிக் கலக்குங்கள். நூலைப் போடும் முன் அரை மணி நேரமாவது வெறும் தண்ணீரில் ஊறவைத்திருக்க வேண்டும். உலர்ந்த நூலை நேராகப் போட்டால் முதலில் நனைந்த இடம் அதிகமாக வாங்கிக்கொள்ளும். அப்புறம் சின்னத் தீயில் முக்கால் மணி நேரத்தில் 80 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரு மணி நேரம் அதே சூட்டில் வையுங்கள். கொதிக்கவிட வேண்டாம். அடுப்பை அணைத்து, இரவு முழுவதும் பாத்திரத்திலேயே ஆறட்டும்.

சாயம்

பூவை நாலு லிட்டர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் சிறுதீயில் வேகவையுங்கள். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் விட்டால் நூலுக்குள் சிக்கிய இதழ்த் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஒரு மாலைப் பொழுதே போய்விடும்.

சாயத் தண்ணீர் வெதுவெதுப்பாக ஆறியதும், படிகாரத்திலிருந்து எடுத்து லேசாக அலசிய ஈர நூலைப் போட்டு, மறுபடி மெல்ல 80 டிகிரிக்கு ஏற்றி முக்கால் மணி நேரம். நடுவில் இரண்டு மூன்று தடவை சிட்டத்தைத் தூக்கித் திருப்பி வைத்தால் போதும். தளதளவென்று கொதிக்கவிட்ட முறை எனக்கு மஞ்சள் மங்கிப் பழுப்படித்தது.

பாத்திரத்திலேயே ஆறவிட்டு எடுத்து, சாயம் இறங்குவது நிற்கும்வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தில் பார்க்கும் நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் ஒரு படி வெளுத்துத்தான் தெரியும்.

சாயத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம். படிகாரம் ஏற்றிய இரண்டாவது சிட்டத்தை அதே தண்ணீரில் போட்டால் எலுமிச்சை போன்ற இளமஞ்சள் கிடைக்கும். எனக்கு முதல் நிறத்தைவிட அதுதான் பிடிக்கும். வெந்த பூ எருக்குழிக்குப் போகட்டும்.

பச்சை வேண்டும் என்பவர்களுக்கு: சாயம் முடிந்ததும் நூலை வெளியே எடுத்துவிட்டு, 1 கிராம் அன்னபேதியை (இரும்பு உப்பு, ஃபெரஸ் சல்பேட்) வெந்நீரில் கரைத்து அதே தண்ணீரில் கலக்கி, நூலைத் திரும்பப் போடுங்கள். கண்முன்னே மஞ்சள் பாசிப்பச்சையாக மாறும். பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். 2 கிராமைத் தாண்ட வேண்டாம், இரும்பு கூடினால் கம்பளி சொரசொரப்பாகி நாளடைவில் இற்றுப்போகும். அன்னபேதி வயிற்றுக்குள் போனால் ஆபத்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்திருங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் செய்து பார்த்துச் சொன்னவை

'எல்லாம் நீங்கள் சொன்ன மாதிரியே செய்தேன், நூலில் துளி நிறம்கூட ஏறவில்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்ததில் அவர் வாங்கியது அக்ரிலிக் நூல். கடையில் அதையும் உல்லன் என்றே கொடுத்துவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், நான் என் கையால் நூற்றதையே பயன்படுத்தியதால் தோன்றவில்லை.

இன்னொருவருக்கு அன்னபேதி போடாமலே பச்சை கலந்த மங்கல் நிறம் வந்தது. அவருடைய தண்ணீர் துருப்பிடித்த குழாய் வழியாக வருகிறது. அதில் இருக்கும் இரும்பே போதும். மழைநீர் பிடித்து மறுபடி செய்தபோது சுத்த மஞ்சள் வந்ததாகச் சொன்னார்.

பருத்தி நூலில் இதே முறை வெளிறித்தான் வரும். கம்பளி புரதம், பருத்தி செல்லுலோஸ், படிகாரத்தோடு அதற்கு அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்துவிட்டுப் பிறகு படிகாரத்துக்குக் கொண்டுபோனால் நன்றாகப் பிடிக்கும். கடுக்காயே லேசான மஞ்சள் சாயல் தரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்தூளில் செய்யலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஏறும், பளீரென்றும் இருக்கும். ஆனால் வெயில் பட்டால் சீக்கிரமே வெளுத்துவிடும், அதனால் நான் அதைத் தொடுவதில்லை. எந்தச் சாயமானாலும் பின்ன உட்காரும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஓர் அட்டையில் நூலை நெருக்கமாகச் சுற்றி, பாதியைக் காகிதத்தால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் இரண்டு வாரம் வையுங்கள். காகிதத்தை எடுத்ததும் இரண்டு பாதியும் ஒன்றுபோலத் தெரிந்தால் அந்த நூலில் தைரியமாக ஸ்வெட்டர் தொடங்கலாம். கோடு விழுந்திருந்தால் வெயில் படாத வேலைக்கு, உள்ளே போடும் காலுறைக்கு ஒதுக்கிவிடுங்கள்.