தோல்முட்டை இடும் கோழிக்கு என்ன செய்யலாம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் மொட்டைமாடியில் வளரும் கோழி செவலை ஒருநாள் காலையில் ஓடே இல்லாத முட்டை இட்டிருந்தாள். கையில் எடுத்தால் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி குழைந்தது. மேலே வெள்ளைச் சவ்வு மட்டும். பதறிவிட்டேன். மாதக்கணக்கில் அரிசியும் மீந்த சோறும்தான் போட்டு வந்திருக்கிறேன்.

புதிதாக முட்டையிடும் இளங்கோழி ஓரிரு தோல்முட்டை இட்டால் கவலை வேண்டாம். தொடர்ந்து இட்டால் தீவனத்தை மாற்றுங்கள். கடையில் லேயர் தீவனம் (முட்டையிடும் கோழிக்கானது) என்று கேளுங்கள், அதில் ஓட்டுக்குத் தேவையான கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். சோறு, தானியம் கொஞ்சமாகப் போதும்.

கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையானதைக் கோழியே கொத்திக்கொள்ளும். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், பெரும்பகுதி இரவில். அதனால் சாயங்காலம் செவலை கூட்டில் அடையும் முன் கிண்ணத்தைக் கிளறி அவள் முன்னால் வைப்பேன். கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் முட்டை ஓட்டை வேகவைத்து, காயவைத்து, குருணையாக நொறுக்குங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கூடவே கூடாது, வாய் வெந்துவிடும்.

காலை வெயில் படட்டும். வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. ஆனால் ஏப்ரல் வெக்கையில் மூச்சிரைத்தால் ஓடு மெலியும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் வையுங்கள்.

கோழி வாலைத் தாழ்த்தி, இரை எடுக்காமல், முக்கிக்கொண்டே நின்றால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். பெங்களூரு ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.