கார் புக் பண்ணுவதற்கு முன் ஜே.சி. ரோடுக்குப் போங்கள்

"டாடா, மஹிந்திரா எடுக்கலாமா, இல்ல புதுசா வந்த வெளிநாட்டு வண்டியாண்ணா?" பெங்களூரு அல்சூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன் அல்லவா, அடிக்கடி இந்தக் கேள்வி வரும்.

உள்ளூர், வெளிநாடு என்று பிரிப்பதே கொஞ்சம் சிக்கல். நம்ம ஊர் வண்டி என்கிற மாருதியில் 2002 முதல் பெரும்பங்கு சுசுகியிடம். ஹூண்டாய் கொரியக் கம்பெனி. ஆனால் 1998-லேயே இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் லோகோவை விடுங்கள், பார்ட்ஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பெங்களூருவில் கார் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் நான்கைந்து கடை ஏறி இறங்குங்கள். மாடல், வருடம் சொல்லி முன் பம்பர், ஹெட்லைட், சைடு மிரர் மூன்றுக்கும் விலை கேளுங்கள். பெங்களூரு டிராஃபிக்கில் முதலில் அடிவாங்குவது இவைதான். கடைக்காரர் உள்ளே போய் எடுத்துவந்து மேஜையில் வைத்தால் சரி. "ஆர்டர் போடணும்" என்றால் எத்தனை நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. ஹெட்லைட்டில் போல்ட் மாட்டும் காது உடைந்தால்கூடப் பல மாடல்களில் முழு செட்டையும் மாற்றச் சொல்வார்கள். ஷோரூமில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் சர்வீஸ். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவரா? ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் வழியில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழைய கம்பெனிகளின் பலமே இதுதான். வெளிநாட்டுக் கம்பெனி கிளம்பிவிட்டால் இன்னும் சிக்கல். செவர்லே 2017 கடைசியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் இங்கே தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. வண்டிகளில் குறை சொல்ல முடியாது, ஆனால் மறுவிற்பனையில் அடி. ஃபோர்டின் குஜராத் சனந்த் தொழிற்சாலையை வாங்கியதே டாடாதான்!

அதற்காக உள்ளூர்க்காரர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். 2018-இல் டாடாவின் நெக்ஸான் குளோபல் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியபோது பாதுகாப்பில் டாடாவுக்குத் தனிப் பெயர். அடுத்த வருடமே எம்ஜி ஹெக்டர் டேஷ்போர்டில் பெரிய டச் ஸ்கிரீன் திரையோடு வந்தது, கியா செல்டோஸ் வந்தது. எல்லோரும் திரை கேட்க ஆரம்பித்தார்கள். போட்டிக்காக அவசரமாகத் திரையும் சாஃப்ட்வேரும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை ஒர்க்‌ஷாப்பில் தினமும் பார்க்கிறேன்.

ஆகவே டெஸ்ட் டிரைவில் உங்கள் போனை இணையுங்கள், ஏசி போடுங்கள், ரிவர்ஸ் எடுங்கள். திரை உறைகிறதா, கேமரா தாமதமாக வருகிறதா என்று பாருங்கள். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்து இன்னொரு தடவை. விற்பனைப் பையன் நல்ல ரோட்டிலேயே சுற்றிக்காட்டுவான். பள்ளம் விழுந்த சந்துக்குத் திருப்புங்கள். பாட்டை நிறுத்திவிட்டு, டேஷ்போர்டிலும் பின்கதவிலும் கடகட சத்தம் வருகிறதா என்று கேளுங்கள்.

முழுப்பணம் கட்டும் முன் வண்டி தயாரித்த மாதத்தையும் பாருங்கள். யார்டில் பல மாதம் வெயில் தின்ற வண்டியென்றால் வேறு வண்டி கேளுங்கள், கொடுப்பார்கள்.